முதல் பிரசவம் சிசேரியன், கையில் இன்சூரன்ஸ் கார்டு: இரண்டாவதும் ஆபரேஷன்தானா?

தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 30 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய முதல் குழந்தைக்கு இப்போது 2 வயது 8 மாதம். அந்தப் பிரசவத்தின்போது 38-வது வாரத்தில் ‘தண்ணி கொஞ்சம் குறைவா இருக்கு’ என்று சொல்லி, வலி எதுவும் வராத நிலையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். மாலை 6 மணிக்கு வலி வரவழைக்கும் ஜெல் வைத்தார்கள். மறுநாள் காலை 10 மணிக்கு, ‘கர்ப்பவாய் திறக்கவே இல்லை’ என்று ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஃபெயில்டு இன்டக்‌ஷன், எல்.எஸ்.சி.எஸ்.’ என்று ஒரே வரி.

இப்போது இரண்டாவது குழந்தை, 32-வது வாரம். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, நச்சுக்கொடி மேலேதான் இருக்கிறது. கணவருடைய கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் சுகப்பிரசவத்துக்கு 50,000 ரூபாய், சிசேரியனுக்கு 75,000 ரூபாய் வரம்பு. புது ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் போனபோது, எடை பார்ப்பதற்கு முன்பே வரவேற்பு மேசையில் கேட்டார்களாம்: “இன்சூரன்ஸ் இருக்கா? லிமிட் எவ்வளவு?” மருத்துவர், “முதல்ல சிசேரியன்னா இதுவும் சிசேரியன்தான். 38 வாரத்துல ஒரு தேதி பார்த்துச் சொல்லுங்க” என்றிருக்கிறார். மாமியார் ஜோசியரிடம் நேரம் குறிக்கப் போய்விட்டார். கணவர், “கம்பெனி பணம் தருது, நீ எதுக்கு வலியில கஷ்டப்படணும்?” என்கிறார்.

அவர் கேட்பது இதுதான்: இன்சூரன்ஸ் இருப்பதால்தான் என்னை அறுக்கிறார்களா? கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால் சுகப்பிரசவம் ஆகிவிடுமா? முதல் தடவையே என் உடம்பு தோற்றுவிட்டதே, இனி முயற்சி செய்வது ஆபத்தா?

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்தக் கவலைதான் தெரிகிறது. உங்கள் உடம்பு தோற்கவில்லை அம்மா. வலியே வராத ஒரு பெண்ணுக்கு, மூடியிருந்த கர்ப்பவாயில் மருந்து வைத்து, 16 மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். முதல் பிரசவத்தில், மருந்து வைத்து வலி வரவழைக்கும்போது, கர்ப்பவாய் மெதுவாக இளகித் திறக்க ஆரம்பிப்பதற்கே ஒரு முழு நாளும் அதற்கு மேலும் ஆகலாம். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம் என்றுதான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நீங்கள் எழுதியிருப்பதில் குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. அன்று உள்ளே வேறு ஏதாவது நடந்திருக்கலாம், அதைக் கேஸ் ஷீட் பார்க்காமல் நான் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஃபெயில்டு இன்டக்‌ஷன்’ என்றால் மருந்து வைத்த முயற்சி பலிக்கவில்லை என்று அர்த்தம். உங்களால் பிள்ளை பெற முடியாது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இன்சூரன்ஸ் என்ன செய்கிறது?

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் இது 34. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 100-க்கு 64, அரசு மருத்துவமனைகளில் 36. ஒரே மாநிலம், ஒரே மாதிரிப் பெண்கள். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு இடுப்பு எலும்பு காரணமாக இருக்க முடியாது. அரசு மருத்துவமனைகளுக்குத்தான் சிக்கலான கேஸ்கள் அதிகம் அனுப்பப்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் உறுத்துகிறது.

இன்சூரன்ஸ் வந்தால் நடப்பது ஒன்றுதான். முன்பெல்லாம் ‘ஆபரேஷன்’ என்று டாக்டர் சொன்னதும், “எவ்வளவு ஆகும்? இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா டாக்டர்?” என்று குடும்பத்தில் யாராவது கேட்பார்கள். கேட்பது பணத்துக்காகத்தான், ஆனாலும் அந்தக் கேள்வி டாக்டரை ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும். ‘கம்பெனி தருது’ என்ற பதில் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுகிறது. உங்கள் கணவர் அன்பால்தான் அப்படிச் சொல்கிறார், அவர் மேல் கோபப்படாதீர்கள். ஆனால் ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி சொன்ன தொகை சுகப்பிரசவத்துக்கு 60,000, சிசேரியனுக்கு 1,10,000 என்று எழுதியிருக்கிறீர்கள். சுகப்பிரசவம் என்றால் கையிலிருந்து 10,000 போகும். சிசேரியன் என்றால் 35,000. இன்சூரன்ஸ் கூடுதலாகத் தருவது 25,000, ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்பது 50,000. இதற்கு மேல் கையுறை, சிரிஞ்சு போன்ற சில்லறைச் சாமான்களைப் பல பாலிசிகள் கழித்துவிடும். வரம்பில் மிச்சமானது உங்களுக்கு வரப்போவதும் இல்லை, ‘வீணாகப் போகுதே’ என்று நினைக்க அதில் ஒன்றுமில்லை.

சரி, பணம்தான் முழுக் காரணமா? தைவானில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1995-ல் தேசிய மருத்துவக் காப்பீடு வந்தது, நாட்டில் கிட்டத்தட்ட எல்லோரும் அதற்குள் வந்துவிட்டார்கள். மூன்றில் ஒரு குழந்தை சிசேரியனில் பிறந்துகொண்டிருந்தது. சிசேரியனுக்குக் கட்டணம் அதிகம் என்பதால்தான் இப்படி என்று நினைத்த அரசு, 2003-ல் சிசேரியனுக்குப் பிறகான சுகப்பிரசவத்துக்கும், 2005 மே மாதத்தில் எல்லாச் சுகப்பிரசவங்களுக்கும் சிசேரியனுக்கு இணையான தொகையை நிர்ணயித்தது. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் மருத்துவருக்கு ஒரே வருமானம். எண்ணிக்கை மளமளவென்று இறங்கியிருக்க வேண்டும் இல்லையா? பெரிதாக இறங்கவே இல்லை. அங்கேயும் நல்ல நாள் பார்த்து ஆபரேஷன் வைத்துக்கொள்கிறார்கள். பேய்கள் வெளியே வரும் மாதம் என்று அவர்கள் நம்பும், சந்திர நாட்காட்டியின் ஏழாவது மாதத்தில் ஆபரேஷன் தேதி கேட்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். நமக்குப் புதிதான விஷயமா இது?

பணத்தைச் சமமாக்கினாலும் நேரம் சமமாகவில்லை. ஒரு சிசேரியன் முக்கால் மணி நேர வேலை. ஒரு சுகப்பிரசவத்துக்கு ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். நான் இளம் மருத்துவராகச் சிறிய நர்ஸிங் ஹோம் ஒன்றில் வேலை பார்த்தபோது மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்துதான் வருவார். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வார்: “மேடம், ஏதாவது கேஸ் இருந்தா பத்து மணிக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் கூப்பிட்டா நான் வர்றது கஷ்டம்.” உள்ளே கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்து நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கும் ஒரு பெண் படுத்திருப்பாள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கினால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒன்பதரைக்கே ஆபரேஷனுக்கு நான் கையெழுத்து வாங்கிய நாட்கள் உண்டு. அதில் எனக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கிடைத்ததில்லை. அந்தப் பெண்களில் சிலர் காத்திருந்தால் சுகமாகவே பெற்றிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்றும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

இதோடு வழக்குப் பயம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாளிகளுக்கு அது தேவையான தீர்ப்பு. ஆனால் ‘ஏன் சிசேரியன் செய்தீர்கள்’ என்று கேட்டு வருபவர்களைவிட, ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டு வருபவர்களே அதிகம். மருத்துவர்களும் அதற்கேற்பத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆயுதம் போட்டு எடுப்பது, தலைக்குப் பதில் குழந்தையின் இடுப்பு முதலில் இறங்கும்போது சுகமாகப் பிறக்க வைப்பது போன்ற கைப்பழக்கம் இளைய தலைமுறை மருத்துவர்களுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. எல்லாவற்றுக்கும் மேல், உங்களைப் போல முதல் தடவை சிசேரியன் ஆனவர்கள் இரண்டாவது தடவை நேராகத் தியேட்டருக்கே போகிறார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருப்பதற்கு இது மிகப் பெரிய காரணம்.

1985-ல் பிரேசிலில் கூடிய உலக சுகாதார நிறுவனக் கூட்டம், எந்தப் பகுதியிலும் சிசேரியன் 100-க்கு 10 முதல் 15-க்கு மேல் போக நியாயமில்லை என்றது. அதே நிறுவனம் 2015-ல் இன்னொன்றையும் சொன்னது: எண்ணைத் துரத்தாதீர்கள், தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்யுங்கள். உங்களுக்குத் தேவையா என்பதை மாநிலக் கணக்கு சொல்லாது, உங்கள் கேஸ் ஷீட்தான் சொல்லும்.

முதலில் அந்தப் பழைய கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

இதை இந்த வாரமே செய்யுங்கள். டிஸ்சார்ஜ் தாள் போதாது. ஆபரேஷன் குறிப்புகள் வேண்டும். ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்றால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவாட்டில் கீறியிருக்கிறார்கள் என்று பொருள். அது நல்ல செய்தி. ஆனால் கீறல் மேல்நோக்கிக் கிழிந்ததா, தையலில் ஏதாவது சிக்கல் வந்ததா, எத்தனை மணி நேரம் வலி வரவழைக்கும் ஊசி ஓடியது என்பதெல்லாம் உள்ளே இருக்கும் தாள்களில்தான் இருக்கும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான். உங்கள் முதல் குழந்தைக்கு 2 வயது 8 மாதம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். சண்டைக்குப் போவது போல் போக வேண்டாம். “அடுத்த பிரசவத்துக்கு டாக்டர் கேட்கிறார்” என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

இரண்டு வழிகள், இரண்டிலும் உள்ள ஆபத்துகள்

முன்பு ஒரே ஒரு சிசேரியன் ஆகி, கீழ்ப்பகுதிக் கீறலாக இருந்து, வேறு சிக்கல் இல்லாத பெண்கள் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்தால், நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. முன்பு ஒரு தடவையாவது சுகமாகப் பெற்றவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம், உங்களுக்கு அது இல்லை. மருந்து பலிக்கவில்லை என்பதற்காகச் சிசேரியன் ஆனவர்களுக்கு, குழந்தை குறுக்கே இருந்ததற்காக ஆனவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் குறைவு. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முயற்சியில் பயப்பட வேண்டிய விஷயம், பழைய தையல் வலியின்போது பிரிந்துவிடுவது. தானாக வலி வந்து முயற்சி செய்யும் 200 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இது நடக்கிறது. எண்ணிக்கை சின்னதுதான், நடந்தால் நிமிடங்களில் குழந்தையை வெளியே எடுத்தாக வேண்டும். வலி வரவழைக்க மருந்து கொடுத்தால் இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். குறிப்பாக மிசோப்ரோஸ்டால் மாத்திரையைச் சிசேரியன் தழும்பு உள்ள பெண்ணுக்கு வைக்கக் கூடாது. முயற்சி பாதியில் நின்று அவசர ஆபரேஷனுக்குப் போனால், திட்டமிட்ட ஆபரேஷனைவிட ரத்தப்போக்கு, காய்ச்சல் போன்ற தொல்லைகள் அதிகம்.

திட்டமிட்ட இரண்டாவது சிசேரியனும் தப்பான முடிவு கிடையாது. தையல் பிரியும் பயம் மிகக் குறைவு, நாளும் நேரமும் நம் கையில். ஆனால் வயிற்றுக்குள் ஒட்டல்கள், புண் ஆறுவதில் சிக்கல், மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்க முடியாத வாரங்கள் இவையெல்லாம் இருக்கும். பெரிய ஆபத்து அடுத்த கர்ப்பத்தில் காத்திருக்கிறது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, நச்சுக்கொடி கீழே இறங்கித் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். மூன்றாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இதை நன்றாக யோசியுங்கள். இரண்டோடு போதும் என்றால், இந்தக் கவலையின் எடை குறைந்துவிடுகிறது.

உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, “வயித்தைத் திறக்கும்போதே குடும்பக்கட்டுப்பாடும் முடிச்சிடலாம்” என்று. நம் ஊரில் பல சிசேரியன்களுக்குப் பின்னால் யாரும் வெளியே சொல்லாத காரணம் இது. அதற்காக வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சுகப்பிரசவம் ஆன முதல் சில நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் போட்டு அதைச் செய்துவிடலாம். அதற்குத் தனியாக உங்கள் சம்மதம் வேண்டும், உங்கள் கையெழுத்து போதும். பெரும்பாலான பாலிசிகள் கருத்தடை ஆபரேஷனுக்குப் பணம் தருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி?

‘கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் அறுக்க மாட்டார்கள்’ என்று உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரியில்லை. 100-க்கு 36 என்று மேலே பார்த்தோம். ஆனால் நான் அங்கே போகச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. தழும்போடு சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்பவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று பேர் கட்டடத்துக்குள்ளேயே வேண்டும்: மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர். ரத்தமும் கைவசம் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தை சிகிச்சை மையத்திலும் இந்த ஏற்பாடு உண்டு. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம். அங்கே கூட்டம் அதிகம், தனியறை கிடையாது, சில சமயம் வார்த்தைகள் கடுமையாக வந்து விழும். இதையும் நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

தனியாரிலேயே பார்க்க விரும்பினால், “நார்மல் டிரை பண்ணுவீங்களா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘பார்க்கலாம்மா’ என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: “போன வருஷம் என்னை மாதிரி சிசேரியன் ஆனவங்க எத்தனை பேர் இங்கே முயற்சி பண்ணாங்க? எத்தனை பேருக்கு ஆச்சு? ராத்திரியில மயக்க மருந்து டாக்டர் இங்கேயே இருப்பாரா, கூப்பிட்டா வருவாரா?” மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுத்தான் வர வேண்டும் என்றால், அந்த மருத்துவர் உங்களுக்குச் சிசேரியன் என்று சொல்வது நேர்மையான பதில். வசதி இல்லாத இடத்தில் முயற்சி செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். இப்போதைய மருத்துவரும் ஒருவேளை இதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்கலாம். போய்க் கேளுங்கள். மாற்று வழிகளையும் அவற்றின் ஆபத்துகளையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உங்கள் உரிமை. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திட்டமிட்ட சிசேரியன்தான் என்று முடிவானால், வேறு மருத்துவக் காரணம் இல்லாதவரை 39 வாரம் முடியட்டும். 37, 38-ல் எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வந்து இன்குபேட்டரில் வைக்க நேர்வது அதிகம். மாமியாரிடம், “39 வாரத்துக்கு அப்புறம் வர்ற நாட்கள்ல ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்க அத்தை” என்று கேளுங்கள். அவருடைய நம்பிக்கைக்கும் மரியாதை, குழந்தையின் நுரையீரலுக்கும் நேரம்.

என் கருத்தைக் கேட்டால், பழைய ஆபரேஷன் குறிப்பில் சிக்கல் எதுவும் இல்லை, குழந்தையின் தலை கீழே இருக்கிறது, எடை அதிகமில்லை, 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஆஸ்பத்திரி கிடைக்கிறது என்றால், தானாக வலி வரும் வரை 40 வாரம் வரை காத்திருந்து முயற்சி செய்யலாம். அதற்குள் வலி வராவிட்டால், மருந்து கொடுத்துத் தொடர்வதா, சிசேரியனா என்பதை அன்றைய பரிசோதனையை வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இதில் ஏதாவது ஒன்று பொருந்தவில்லை என்றால் மனக்குறை இல்லாமல் சிசேரியன் செய்துகொள்ளுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, வலியும் வலியும் இடைவெளி விடும்போதுகூடத் தழும்பு இருக்கும் இடத்தில் விடாமல் வலித்தால், ரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், உடனே கிளம்பிவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108. பழைய ஆபரேஷன் குறிப்பின் நகல் கைப்பையில் இருக்கட்டும், இன்சூரன்ஸ் அப்ரூவலைக் கணவர் பிறகு பார்த்துக்கொள்வார்.